முப்பத்தெட்டாவது கிலோமீட்டர்

ஓமான் பாலைவனத்தில் நிறைமதி நாற்பத்தேழு முறை இறந்திருந்தாள்.

பத்தாயிரம் பயணங்களில் நாற்பத்தேழு என்றது அறிக்கை. கோயம்புத்தூர் ரேஸ் கோர்ஸ் சாலையில் இருந்த முன்னோட்டகத்தில், திரைக்கு முன்னால் உட்கார்ந்து அந்த எண்ணை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். பக்கத்து நாற்காலியில் தம்பி தீரன் தன் அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஆறுதான்க்கா. நீதான் சும்மா சும்மா செத்துட்டு இருக்கற."

சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவள் கண் அந்த எண்ணை விட்டு நகரவில்லை. எண் பத்தைத் தாண்டினால் காப்பீடு கிடையாது. காப்பீடு இல்லாமல் விசாவும் இல்லை, விமானத்தில் ஏற்றவும் மாட்டார்கள். மஸ்கட் விமானத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருந்தது. சைக்கிள்களைப் பிரித்து அடைக்க அட்டைப்பெட்டிகள்கூட வாங்கியாகிவிட்டது.

முன்னோட்டகங்கள் செய்யும் நிழலோட்டம் என்ற இந்தச் சோதனை வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மணிக்கட்டில் கட்டும் பட்டை ஆறு மாதம் நம் நாடித்துடிப்பையும் மூச்சையும் பதிந்துகொள்ளும். எதைக் கண்டு திடுக்கிடுகிறோம், எப்போது பிடிவாதம் பிடிக்கிறோம் என்பதும் அதற்குத் தெரியும். அதிலிருந்து கணினிக்குள் ஒரு நிழலுரு உருவாகும். நம்மைப் போலவே களைக்கும், பயப்படும், தப்பு செய்யும். அதைக் கணினியின் பாலைவனத்தில் பத்தாயிரம் தடவை ஓட்டிப் பார்ப்பார்கள். எத்தனை தடவை திரும்பி வரவில்லையோ, அதுதான் இறப்பெண். அது வந்த பிறகு சுற்றுலாப் பயணிகள் சாவது ஏறக்குறைய நின்றே போயிருந்ததால் யாரும் குறை சொல்வதில்லை.

நிறைமதி ரத்த வங்கியில் வேலை பார்ப்பவள். எண்களை நம்பிப் பழகியவள். அடுத்த வாரம் முழுக்க அவள் திட்டத்தை மாற்றி மாற்றி அனுப்பினாள். தண்ணீரை ஐந்து லிட்டரிலிருந்து ஏழாக உயர்த்தினாள். நாற்பத்தைந்து வந்தது. விடிவதற்கு முன்பே கிளம்புவதாக மாற்றினாள். நாற்பத்து மூன்று. அகலமான டயர் போட்டாள். சைக்கிள் கனத்ததால் மறுபடி நாற்பத்தாறு. வேலை நடுவே ரத்தப் பைகளுக்குச் சீட்டு ஒட்டும்போதும் அந்த எண் கண்ணுக்குள் நின்றது. வீட்டு மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

"வேற தடத்துல போனா?" என்று கடைசியில் ஆலோசகர் பிரிசில்லாவிடம் கேட்டாள்.

"நாலு தடம் ஓட்டிப் பாத்துட்டனுங்க மேடம். இடம்தான் மாறுது." பிரிசில்லா திரையைத் திருப்பினாள். "மூணாவது நாள், முப்பத்தெட்டாவது கிலோமீட்டரைப் பாருங்க. வறண்ட ஆத்துப் படுகை. ரெண்டு பேரும் முன்னும் பின்னுமா வர்றீங்க. உங்க தம்பி பாறைய போட்டோ எடுக்க நின்னுடறாரு."

"எப்பவும் அப்படித்தான் பண்ணுவான்."

"நீங்க படுகையத் தாண்டிட்டீங்க. முகாம் இன்னும் பதினோரு கிலோமீட்டர்தான். அப்பறம் திரும்பிப் பாக்கறீங்க. அவரக் காணோம். உச்சி வெயில்ல அவரத் தேடித் திரும்பிப் போறீங்க."

திரையில் ஒரு சிறு உருவம் சைக்கிளைத் திருப்பியது. குனிந்து மிதிக்கும் விதமும், இடது தோளைச் சற்றுத் தூக்கும் பழக்கமும் அவளுடையவை.

"நிறையத் தடவ அவரக் கண்டுபிடிச்சு தண்ணி குடுத்துக் கூட்டிட்டு வந்துடறீங்க. சில நேரம் அவரு வேற ஓடை வழியா எறங்கிப் போயிருப்பாரு. நீங்க தேடிட்டே இருக்கீங்க. நாப்பத்தேழுல நாப்பத்தொண்ணு இப்படித்தானுங்க."

"சரி, திரும்பிப் போக மாட்டேன்னு எழுதிக் குடுத்துடறேன்."

"எழுதினாப் பத்தாதுங்க." பிரிசில்லா அவள் மணிக்கட்டைக் காட்டினாள். "நீங்க நெசமாவே அப்படி இருந்தாத்தான் நிழலுரு மாறும். வாயில சொல்றத அது எடுத்துக்காது."

அன்று வீட்டுக்கு வந்ததும் தீரனிடம் சொன்னாள். அவன் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். முழங்கால் அறுவை முடிந்து ஓராண்டு கட்டிலில் கிடந்தவன் அவன். நடக்க ஆரம்பித்த நாளில் அவன் கேட்ட ஒரே விஷயம் இந்தப் பயணம்.

"அப்ப பழகிக்கலாம்க்கா. என்னய விட்டுட்டுப் போகப் பழகிக்க."

"வெளையாட்டா இருக்குதா உனக்கு?"

"இல்லன்னா போக முடியாது. அவ்வளவுதான?"

ஆனைகட்டி சாலையில், மலையடிவாரத்து மண்தடங்களில் அதிகாலையில் பழகினார்கள். தீரன் வேண்டுமென்றே பின்தங்குவான். அவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. முதல் நாள் நூறு மீட்டர்கூட முடியவில்லை. கழுத்து தானாகத் திரும்பியது. பட்டையில் நாடித்துடிப்பு நூற்று அறுபதைத் தொட்டது. இரண்டாம் நாள் அவன் நிஜமாகவே வழுக்கி விழுந்தான். சத்தம் கேட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். தடத்தின் முடிவில் இறங்கிப் புதரோரம் வாந்தி எடுத்தாள். அரைமணி கழித்து முழங்கை சிராய்ப்போடு வந்தவன், "சூப்பர்க்கா, திரும்பவே இல்ல பாரு!" என்று முதுகில் தட்டினான்.

ஆறாம் நாள் பின்னால் ஓசை நின்றதை அவள் கவனிக்கவே இல்லை. அன்று மாலை அவள் எண் நான்கு. தீரனுடையது முப்பத்தொன்பது.

"அவரு பாறை நிழல்ல உக்காந்து உங்களுக்காகக் காத்திருக்காருங்க," என்றாள் பிரிசில்லா. "நீங்க வருவீங்கன்னு நம்பிக்கை. தண்ணி தீந்த பொறகும் எழுந்திருக்கறதில்ல."

தீரன் தன் அறிக்கையை மடித்துப் பையில் வைத்தான். பிறகு, "நான் பழக வேண்டியது அது," என்றான்.

அதற்குப் பின் இருவரும் தனித்தனியே ஓட்டினார்கள். அவன் தொலைந்துபோனதாக வைத்துக்கொண்டு, யாரும் வரமாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வழி கண்டுபிடித்து வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டு வேளையில் அக்காவுக்காகக் காத்திருப்பதை நிறுத்தினான். போன் செய்தால் ஒரு மணி தாண்டித்தான் திரும்ப அழைத்தான். விமானத்துக்கு இரண்டு நாள் முன்பு அவன் எண் ஐந்துக்கு இறங்கியது. பிரிசில்லா இருவருக்கும் பச்சை முத்திரை போட்டுக் கொடுத்தாள். நிறைமதி நிம்மதியாக உணர வேண்டும் என்று எதிர்பார்த்தாள். தூக்கம்தான் கெட்டது.

பாலைவனம் அறிக்கையில் இருந்தபடியே இருந்தது. முதல் இரண்டு நாளும் செம்மண் நிறப் பாறைச் சரிவுகள், கணுக்கால் புதையும் மணல், காது அடைக்கும் காற்று. இரவு முகாமுக்கு மட்டும் ஜீப் சாமான்களைக் கொண்டுவந்தது. ஜீப் ஓட்டும் சாலிம் மூன்றாம் நாள் காலை இருவருக்கும் ஆளுக்கொரு செயற்கைக்கோள் வானொலி கொடுத்தான்.

"இன்று வண்டி போகாத வழி. ஏதாவது என்றால் சிவப்புப் பொத்தான். முகாமிலும் கேட்கும், கூட வருபவருக்கும் கேட்கும்," என்று ஆங்கிலத்தில் விளக்கினான்.

வறண்ட படுகையை நிறைமதி பத்தரைக்குத் தாண்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க முயற்சி செய்யவும் தேவைப்படவில்லை. பன்னிரண்டு மணிக்கு முகாமில் இறங்கி, பேரீச்சம்பழமும் மோரும் சாப்பிட்டாள்.

ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று.

"தேடிப் போகலாமா? கொஞ்ச தூரம் வரை வண்டி போகும்," என்றான் சாலிம்.

"வருவான். அவனுக்குப் பழக்கம்."

சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு நிதானமாக இருந்தது என்பது அவளுக்குக் கேட்டது. பட்டையைப் பார்த்தாள். நாடி எழுபது. பயம் வரவில்லை என்பதே ஒரு பயமாக அவளுக்குள் மெல்ல ஏறியது. எழுந்து நின்றாள். சைக்கிளைத் தொட்டாள். கால்கள் அந்தப் பக்கம் போக மறுத்தன. சாலிமிடம், "வண்டியை எடுங்கள்," என்று சொல்ல இன்னும் இருபது நிமிடம் ஆனது.

ஜீப் கிளம்புவதற்குள் நெடுஞ்சாலைப் பக்கமிருந்து ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. தீரன் இறங்கினான். உதடு வெடித்திருந்தது. இடது மணிக்கட்டு வீங்கி நீலம் பாரித்திருந்தது. சைக்கிளின் முன்சக்கரம் வளைந்திருந்தது.

"விழுந்துட்டன். ரோடு வரைக்கும் நடந்துட்டன்க்கா. பதினாலு கிலோமீட்டர் இருக்கும்."

"வானொலி ஒடஞ்சுருச்சா?"

அவன் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நல்லாத்தான் இருக்குது."

"அப்பறம் ஏன்டா அழுத்தல?"

அவன் கொஞ்சம் யோசித்தான். வருத்தமோ கோபமோ இல்லாமல், நிஜமாகவே காரணத்தைத் தேடினான்.

"தோணவே இல்லக்கா. யாரக் கூப்பிடறது?"

நிறைமதி அவன் கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் அவனே பல்லால் கட்டுத்துணியைக் கிழித்து, ஒற்றைக் கையால் சுற்றிக்கொள்ள ஆரம்பித்திருந்தான்.

மறுநாள் காலை பட்டைகள் இரண்டும் ஒன்றாக அதிர்ந்தன. முன்னோட்டகத்திலிருந்து செய்தி. நேற்றைய பயணத்தின்படி திருத்திய இறப்பெண் இருவருக்கும் சுழியம். ஒன்பது ஆண்டுகளில் இணையாகப் பயணிப்பவர்கள் யாரும் எட்டாத அளவு என்றும், அவர்களுடைய நிழலுருக்களை மற்றப் பயணிகளுக்குப் பயிற்சி மாதிரியாகப் பயன்படுத்த அனுமதி வேண்டும் என்றும் இருந்தது. கீழே சம்மதம், மறுப்பு என்று இரண்டு கட்டங்கள். தீரன் தன் பட்டையில் சம்மதம் அழுத்திவிட்டு, மாற்றுச் சக்கரத்தை இறுக்கினான்.

"கை இப்படி இருக்கறப்ப ஓட்டாத. ஜீப்ல வா," என்றாள் அவள்.

"சுழியம்க்கா. ஒண்ணும் ஆகாது."

"அப்ப இரு, ஒண்ணாப் போலாம். நான் உன் பின்னாடியே வர்றேன்."

அவன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். வீங்கிய கையை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, மேட்டில் ஏறினான். நிறைமதி தண்ணீர்ப் பையைக்கூட எடுக்காமல் சைக்கிளில் ஏறி மிதித்தாள். இருவருக்கும் இடையே முப்பது மீட்டர்கூட இருக்காது.

"தீரா! நில்லுடா!"

காற்று அடங்கியிருந்தது. அவன் ஒரே வேகத்தில், நேராகப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தான். அவள் இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். மணிக்கட்டில் பட்டை அதிர்ந்தது. அவள் இறப்பெண் சுழியத்திலிருந்து ஒன்றாகி, ஒன்று ஏழாகி, ஏழு பதினொன்றாகிச் சிவந்தது. அவள் அதைக் கழற்றி மணலில் வீசிவிட்டு மிதித்தாள்.