நிரம்பாத சஹன்

சவுக்கு இலை எங்கும் விழுந்து கிடந்தது. பங்களாவின் ஓட்டில், கிணற்றுச் சுவரில், கொடியில் காய்கிற துணியில்கூட. பின்வாசலிலிருந்து தோப்புக்குள் போகிற ஒற்றையடிப் பாதையில் மட்டும் ஒன்றுமில்லை. சைதூன் தாவரவியல் படித்தவள். தலைக்கு மேலே அத்தனை மரம் நிற்கும்போது கீழே மணல் இப்படிச் சுத்தமாக இருக்க வழியில்லை. யாரோ இப்போதுதான் பெருக்கிக்கொண்டே நடந்துபோன மாதிரி இருந்தது. அல்லது நடந்து வந்த மாதிரி.

"நீங்க பெருக்கினீங்களா?" என்று காவலுக்கு இருந்த சந்திரம்மாவிடம் கேட்டாள்.

"நானா? அந்தப் பக்கமே நான் போறதில்லம்மா."

சொல்லும்போது அவள் பாதையைப் பார்க்கவில்லை. அது சைதூனுக்குப் பிடிக்கவில்லை.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே இருந்த அந்தப் பங்களாவை விடுமுறைக்கு வாடகை பேசியவன் மைதீன். கல்பாக்கத்துக் கட்டட வேலைக்குக் கம்பி கொண்டுபோய்ப் போடுகிறவன். சைதூனின் நாத்தனார் பதருன்னிசாவின் புருஷன். செங்கல்பட்டிலிருந்து மாமியார் சம்சாத் பேகமும் வந்திருந்தாள். கல்யாணமான புதிதில் சைதூன் தன் கணவன் பஷீருதீனோடு வெளியூர் வந்தது இதுதான் முதல் தடவை.

பொழுது சாய்வதற்கு முன்பே சந்திரம்மா கிளம்பிவிட்டாள். போகிற போக்கில், "சாப்பாட்டு நேரத்துல கதவச் சாத்திக்கோங்க. வெளிய பாத்து யாரையும் சாப்புடக் கூப்புட வேணாம்," என்றாள்.

மாமி முகத்தைச் சுளித்தாள். "சோறு திங்கக் கதவச் சாத்தணுமாம். மிஞ்சுற கறி அவளுக்கு வேணும்போல, அதான்."

"கறிய நான் மிஞ்ச வுட்டாத்தானே மாமி," என்றான் மைதீன்.

சாயங்காலம் எல்லோரும் அந்தப் பாதை வழியாகத்தான் கடற்கரைப் பாறைவரை நடந்துவிட்டு வந்திருந்தார்கள். பாறைமேல் உட்கார்ந்தபோது பஷீருதீன் சைதூனின் மூக்குக் கண்ணாடியை எடுத்துத் தான் மாட்டிக்கொண்டு, "இன்னா டீச்சர், இன்னிக்கு இன்னா பாடம்?" என்று கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மாமி இருந்ததால் சிரிக்கவில்லை. பங்களாவுக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது, அவன் சட்டைப்பையில் இருப்பதாக அவள் நினைத்திருந்த கண்ணாடி பாறையிலேயே தங்கிவிட்டது.

"தோ, எட்டு வெச்சா வந்துரப்போறேன்," என்று அவன் மறுபடியும் கிளம்பினான். வேண்டாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல அவளுக்கு ஆசை. எல்லோர் முன்னாலும் வாய் வரவில்லை.

அந்திநேரத்து மஃரிப் தொழுகை முடிந்தது. அவன் வரவில்லை. பங்களாவில் கரண்டு கிடையாது. அரிக்கேன் விளக்கின் மண்ணெண்ணெய் வாசனையும் கறிக்குழம்பின் வாசனையும் கலந்து கூடத்தில் நின்றன. மைதீன் டிரான்சிஸ்டரைத் திருகிக்கொண்டிருந்தான். சன்னலுக்கு வெளியே தோப்பு மூச்சு விடுவதுபோல ஒரே சீராக இரைந்தது. கண்ணாடி இல்லாத சைதூனுக்கு அது வெறும் கறுப்பு.

மாமி கீழக்கரையில் பிறந்தவள். பெரிய தட்டில் சோற்றைக் கொட்டிச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்தை அவரவர் சாப்பிடுகிற சஹன் வழக்கத்தை அவள் விட்டதில்லை. "வீட்ல ஆம்பளைங்க தனி, நாம தனி. இங்க யாரு பாக்கப்போறா? எல்லாரும் ஒண்ணா உக்காருங்க," என்றாள். ஆனால் சஹனில் ஓர் இடம் காலியாக இருக்க அவள் கை வைக்கமாட்டாள். ஆள் குறைந்தால் தெருவில் போகிறவரையாவது கூப்பிட்டு உட்காரவைப்பாள்.

அவள் எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்தாள்.

"சாப்பிட வா வாப்பா. இடம் காலியா கெடக்கு."

மகனைத்தான் கூப்பிட்டாள். ஆனால் பேரைச் சொல்லவில்லை.

உடனே வந்துவிட்டான். பக்கத்திலேயே நின்றிருந்தவன் மாதிரி. காலடி ஓசை கேட்கவில்லை.

"எங்கடா போன இவ்ளோ நேரம்?" என்று மாமி கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். அவன் பேசாமல் சைதூனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சட்டை அவன் சட்டைதான். அவ்வளவுதான் தெரிந்தது, முகம் மங்கலாக இருந்தது.

கை கழுவ அவள் தண்ணீர் ஊற்றினாள். படிக்கத்தில் தண்ணீரோடு மணல் விழுந்தது. இன்னும் ஊற்றினாள். இன்னும் மணல். செம்பு காலியானது. மணல் நிற்கவில்லை.

"கண்ணாடி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவன் தலையாட்டினான். எதைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் ஆட்டியிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

பிஸ்மில்லாஹ் சொல்லி எல்லோரும் கை வைத்தார்கள். அவன் உதடு அசையவில்லை. மாமி ஊர்க்கதை பேசினாள். பதருன்னிசா எலும்பைத் தட்டினாள். ரேடியோவில் யாரோ பாடினார்கள். சைதூன் தட்டை மட்டும் பார்த்தாள். எல்லோர் பக்கத்திலும் சோறு ஓரத்திலிருந்து குறைந்துவந்தது. அவன் பக்கத்தில் மேல்சோறு அப்படியே இருந்தது. கை மணிக்கட்டுவரை உள்ளே போயிருந்தது. சோறு அடியில் குறைந்துகொண்டிருந்தது. மேற்பரப்பு மெல்லத் தொய்ந்தது, ஈரமணலில் நண்டு வளை சரிவதுபோல.

அடியில் ஏதோ நகர்ந்து அவள் பக்கம் வந்தது. ஒரு கறித்துண்டு. பஷீருதீனும் மாமிக்குத் தெரியாமல் அவளுக்கு இப்படித்தான் தள்ளுவான். அதை இதற்கு யார் சொன்னது?

விரல் அவள் விரலைத் தொட்டது. குளிர்ந்திருந்தது.

அப்போது சன்னலில், அவள் முதுகுக்குப் பின்னால், தணிந்த குரல்.

"டீச்சர்... கண்ணாடி கெடச்சிருச்சு. கதவ இன்னாத்துக்கு சாத்திக்கினு கீறீங்க?"

திரும்பினாள். கறுப்பில் இரண்டு வட்டம். விளக்கொளி பட்டு மின்னின. கேலிக்கு அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிற்கிறான். இவன்தான். வெளியே நிற்பவன்தான் பஷீருதீன்.

மற்ற யாரும் நிமிரவில்லை. பாட்டு ஓடியது.

கூப்பிட வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். புருஷன் பேரை அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. நாக்கு அதற்குப் பழகவில்லை. வாயைத் திறந்தாள். பழகிய சொல்தான் வந்தது.

"என்னங்க..."

"சொல்லு," என்றது பக்கத்திலிருந்து. பஷீருதீனின் குரலில். அன்பாக.

சன்னலில் இருந்த வட்டங்கள் அசையவில்லை. அவன் காதிலும் அது விழுந்தது. உள்ளே பார்த்தான். தட்டைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களை. தன் இடத்தை. நிரம்பிய சஹனை.

பிறகு வட்டங்களின் ஒளி அணைந்தது. அவன் திரும்பிவிட்டான். இலையில்லாத மணலில் காலடிகள் தோப்பை நோக்கிப் போயின. அவசரமில்லாமல். அழைப்பில்லாத வீட்டுக்கு வந்துவிட்டவன் போல.

அவள் மறுபடி வாயைத் திறந்தாள். முதல் எழுத்து உதட்டில் வந்தது.

பக்கத்திலிருந்து ஈரமான விரல்கள், திரட்டிய கவளத்தோடு, அவள் வாயை அப்படியே மூடின. அவள் மோவாயிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டிருந்தது. எதிரே மாமி, மகன் ஊட்டுவதைப் பார்த்துவிட்டாள். வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.