உருளைக்கிழங்குக்கு இஸ்திரி

சின்னமனூரில் ஒரு பெருமையைச் சொல்லிவிட்டால் போதும். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்ற ஆள் தேட வேண்டியதில்லை. அபிதாவின் அம்மா முத்துலட்சுமி சொன்னது பொய்கூட இல்லை. கொஞ்சம் இழுத்து நீட்டிய உண்மை, அவ்வளவுதான்.

அபிதாவின் அக்கா அனுசுயாவுக்கு வைகாசியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை முத்துக்குமரனுக்குச் சொந்த ஊர் கம்பம். வேலை பாண்டிச்சேரியில், ஒரு பிரெஞ்சு ஓட்டலில். அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. ஓட்டல் என்றால் சமையல்தானே என்று அம்மா தானாகவே முடிவு செய்துகொண்டார்.

"எங்க மாப்ளே வெள்ளக்காரகளுக்கே சமைச்சுப் போடுறாக!" என்று தெருக்குழாயடியில் சொன்னார். மறுநாள் மாவு மில்லில் சொன்னார். மூன்றாம் நாள், அம்மா சொல்லாமலேயே, அது மார்க்கையன்கோட்டை வரை போய்விட்டது.

மார்க்கையன்கோட்டையில்தான் மலையம்மாள் பெரியம்மா இருந்தார். அவர் எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். பார்த்த பிறகும் ஒரு தடவை தட்டிப் பார்ப்பார்.

ஆடி பிறந்ததும் அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஆடிச் சனிக்கிழமை குச்சனூர் கோயிலுக்குப் போவதற்காக, மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்து இறங்கினார். அரை மணி நேரத்தில் பெரியம்மாவும் வந்து இறங்கினார்.

"மாப்ளே, நாளைக்கு மத்தியானம் உங்க கைப்பக்குவத்த நான் பாக்கணும். அதுக்குத்தான் பஸ் ஏறி வந்தேன்," என்றார்.

மாப்பிள்ளை வாய்க்குக் கொண்டுபோன காப்பியைக் குடிக்காமலே கீழே இறக்கினார்.

"அது... கீஷ்னு ஒண்ணு இருக்கு, அத்தை. மாவைத் தட்டுல பரப்பி, காய்கறியப் போட்டு, முட்டையக் கலக்கி ஊத்திச் சுடணும். ஆனா நாளைக்குச் சனிக்கிழமையாச்சே! வீட்ல முட்டை ஆகாதே!" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாக ஒரு மடக்குக் குடித்தார்.

"முட்டை இல்லாம ஒண்ணு இருக்குன்னு சொன்னீகளே மாப்ளே," என்றார் அம்மா பெருமையோடு. "உருளைக்கிழங்கு, பாலு, சீஸு... கிராத்தான்!"

காப்பி மாப்பிள்ளைக்குப் புரையேறியது.

"கிராத்தானோ கிராதகனோ, அதையே செய்ங்க," என்று பெரியம்மா முடித்துவிட்டார்.

இதையெல்லாம் அபிதா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆறாம் வகுப்புப் படிக்கிற அவளுக்கு, ஒரு மனிதருக்கு ஏன் இரண்டு தடவை காப்பி சரியாக இறங்கவில்லை என்று யோசிக்கத் தெரியாதா என்ன?

மறுநாள் காலை வீட்டில் எல்லாரும் ஆட்டோவில் குச்சனூர் கிளம்பினார்கள். மாப்பிள்ளை சமைக்க வேண்டுமே, அதனால் அவர் வரவில்லை. எடுத்துக் கொடுக்க அபிதாவை விட்டுவிட்டுப் போனார்கள்.

அபிதா அடுப்படிக்குள் வந்தாள். இரண்டு கிலோ உருளைக்கிழங்குக்கு முன்னால் மச்சான் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன மச்சான், இன்னும் அடுப்பே பத்த வைக்கலையா?"

"அபிதா... இந்தக் கேஸ் அடுப்ப எந்தப் பக்கம் திருகணும்?"

அபிதா அவரைப் பார்த்தாள். அவர் உருளைக்கிழங்கைப் பார்த்தார்.

"நான் சமையக்காரன் இல்ல, தாயி," என்றார் மெதுவாக. "மேசைக்குத் தட்டு கொண்டுபோய் வைக்கிறவன். உங்கக்காவுக்குத் தெரியும். சமைக்கிறேன்னு நான் ஒருநாளும் சொல்லல. அத்தை அவுகளா ஊர் பூராச் சொல்லிட்டாக. இப்ப இல்லைன்னு சொன்னா அவுகளுக்குத்தான தலைகுனிவு?"

அபிதாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அம்மா நாளைக்குத் தெருக்குழாயடியில் குடத்தோடு நிற்பதை நினைத்துப் பார்த்தாள். நாலு பேர் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். பெரியம்மா வாயை மூடாமலே சிரிப்பார். மச்சானுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்துவிடுவார். அந்தத் தெருவில் பட்டப்பெயர் வைத்தால் லேசில் போகாது. முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை வாய்க்காலில் விழுந்த கர்ணனை இன்றைக்கும் 'தொபுக்கடீர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பாவமாக இருந்தது அபிதாவுக்கு.

"மச்சான், எத்தன வருசமா தட்டு கொண்டுபோறீக?"

"ஏழு வருசம்."

"அப்ப இந்தக் கிராத்தானை ஆயிரம் தடவ பாத்திருப்பீகல்ல?"

"பாத்திருக்கேன். மிச்சம் இருந்தாத் தின்னும் இருக்கேன்."

அபிதா ஓடிப்போய்க் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்க. மேல எப்படி இருக்கும்?"

"முறுகின தோசை நிறத்துல இருக்கும். கரண்டிய விட்டா ஆவி வரும். கிழங்கு அப்பளம் கணக்கா மெல்லிசா, அடுக்கடுக்கா இருக்கும். நடுவுல பாலு கூழ் மாதிரி நிக்கும். வெண்ணெ வாசம் அடிக்கும்."

"அங்கன யாராச்சும் வேணாம்னு திருப்பி அனுப்புவாகளா?"

"அனுப்பாம? திட்டு வாங்குறது நாந்தான!" மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். "கிழங்கு வேகலைன்னா அனுப்புவாக. பாலு தண்ணியா ஓடுனா அனுப்புவாக. மேல நிறம் வரலைன்னா முகத்தச் சுழிப்பாக."

அபிதா மூன்றையும் எழுதி அடிக்கோடு போட்டாள். "அம்புட்டுத்தான மச்சான்? இந்த மூணும் நடக்காமப் பாத்துக்குவோம்."

வாழைக்காய்ச் சிப்ஸ் சீவும் கட்டையில் கிழங்கைச் சீவினார்கள். உப்புத் தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்தார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

பாலைக் கூழாக்கக் கொதிக்கிற பாலில் மைதாவைக் கொட்டினார் மச்சான். மாவு கோலிக்குண்டு கோலிக்குண்டாகத் திரண்டது.

"இதத் திருப்பி அனுப்புவாகளா?" என்று கேட்டாள் அபிதா.

"நம்மளயே ஊருக்கு அனுப்பிருவாக," என்றார் மச்சான்.

அம்மா உப்புமாவுக்கு ரவையை வறுத்துக்கொண்டுதானே தண்ணீர் ஊற்றுவார் என்பது அபிதாவுக்கு நினைவு வந்தது. இரண்டாம் தடவை வெண்ணெயில் மைதாவை வறுத்து, ஆறிய பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டினாள். கட்டியில்லாமல் பளபளவென்று வந்தது. மச்சான் முகர்ந்து பார்த்தார். அவர் கண் விரிந்தது.

"அடி ஆத்தி! அதே வாசம்!"

"சீஸ் எங்க மச்சான்?"

"பாண்டியிலருந்து ஒரு கட்டி வாங்கியாந்து அத்தைகிட்டக் குடுத்தேனே. மஞ்சளா, செங்கல் மாதிரி."

அடுப்படியில் இல்லை. அலமாரியில் இல்லை. சாமி மாடத்தில்கூட இல்லை. கடைசியில் அபிதா கொல்லைப்புறம் போனாள். துவைக்கிற கல்லின் மேல், சோப்புப் பெட்டிக்குள், சீஸ் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அம்மாவுக்குச் சீஸ் என்ற பெயர் தெரியும், முகம் தெரியாது. ஒரு மூலை நன்றாகத் தேய்ந்திருந்தது. கொடியில் அப்பாவின் துண்டு பாலாடை வாசத்தோடு காய்ந்துகொண்டிருந்தது.

'நேத்து ராத்திரி அம்மா, மாப்ளே குடுத்த சவுக்காரம் நுரையே வரலைன்னு முணுமுணுத்தது இதுக்குத்தானா!' என்று அபிதா தலையில் அடித்துக்கொண்டாள். மேல்பக்கம் முழுவதையும் கத்தியால் தடிமனாகச் சீவி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் தேங்காய்த் துருவியில் துருவினார்கள்.

அகலமான சட்டியில் கிழங்கை அடுக்கி, வெள்ளைக் கூழை ஊற்றி, மேலே சீஸைத் தூவினார்கள். அடுப்பில் வைத்தார்கள். ஓரத்தில் கொதித்தது. ஆனால் மேலே வெள்ளையாகவே இருந்தது.

"அங்கன பெரிய அடுப்பு இருக்கும். மேலயும் கீழயும் சூடு வரும். நம்ம அடுப்புல கீழ மட்டுந்தான வருது?" என்று மச்சான் தலையைச் சொறிந்தார். மணி பதினொன்றரை ஆகிவிட்டது.

மேலே இருந்து சூடு வேண்டும். மேலே இருந்து சூடு கொடுப்பது எது? அபிதா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். வேப்ப மரத்தடியில் தவசி அண்ணன் தள்ளுவண்டியில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கரிப்பெட்டிக்குள் கனல் சிவப்பாகத் தெரிந்தது.

அபிதா ஒரே ஓட்டமாக ஓடினாள்.

"தவசிண்ணே, அவசரமா இஸ்திரி போடணும்!"

"எத்தன உருப்படி, ஆத்தா?"

"ஒண்ணுதான். உருளக்கிழங்கு."

தவசி பதினெட்டு வருடமாக இஸ்திரி போடுகிறவர். பட்டு வேட்டிக்குப் போட்டிருக்கிறார், போலீஸ் உடுப்புக்குப் போட்டிருக்கிறார். காய்கறிக்குப் போட்டதில்லை. இருந்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

சட்டியின் மேல் தோசைக்கல்லை மூடியாக வைத்தார்கள். அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தார் தவசி. பழக்க தோஷத்தில் இரண்டு தடவை முன்னும் பின்னும் தேய்த்தும் விட்டார். திறந்து பார்த்தால் வெள்ளையாகவே இருந்தது.

"சூடு பத்தலண்ணே. கனலைக் கல்லு மேலயே கொட்டிருவோமா?"

"தள்ளி நில்லு ஆத்தா, நான் கொட்டுறேன்." தவசி பெட்டியைத் திறந்து கனல் முழுவதையும் தோசைக்கல்லின் மேல் பரப்பினார். மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே சொய்ங்... என்று சத்தம் வந்தது. பிறகு வாசம் வந்தது. இடுக்கியால் கல்லைத் தூக்கினார் தவசி.

தோசை நிறம்! முறுகின தோசை நிறம்!

"மடிப்பு கலையாமப் பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டுத் தவசி கிளம்பினார்.

ஒரு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. எல்லாரும் கை கால் கழுவிக்கொண்டு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையை நடுவில் உட்கார வைத்துவிட்டு அம்மா பரிமாறினார். பெரியம்மா கரண்டியின் பின்பக்கத்தால் கிராத்தானை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். இன்னொரு வாய் எடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. எப்படி மாப்ளே செஞ்சீக?"

அம்மாவின் முகம் பூரித்துப் போனது. மச்சான் பேசாமல் சிரித்திருந்தாலே போதும், கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் அவர் அபிதாவைப் பார்த்தார். அவள் மூக்கில் மைதாவும் கன்னத்தில் கரியும் ஒட்டியிருந்தன.

"நான் செய்யல, அத்தை. செஞ்சது அபிதா. கனலு போட்டது தவசி. எனக்குச் சமைக்கத் தெரியாது. ஓட்டல்ல நான் மேசைக்குத் தட்டு கொண்டுபோய் வைக்கிறவன்."

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"என்னது, தட்டுத் தூக்குறவுகளா?" என்றார் பெரியம்மா.

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அனுசுயா அக்கா சேலை நுனியைச் சுருட்டினாள். அபிதாவுக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"தட்டுத் தூக்குறதுன்னா லேசா, பெரியம்மா? மச்சான், எந்திரிங்க. அங்கன எப்படி வைப்பீகளோ, அப்படியே எங்களுக்கு வைங்க!"

"மாப்ளே பரிமாறுறதா!" என்று அம்மா பதறினார்.

அதற்குள் மச்சான் எழுந்துவிட்டார். துவைத்த துண்டு ஒன்றை மடித்து முன்கையில் போட்டார். முதுகு நிமிர்ந்தது. காலையில் அடுப்பைத் திருகத் தெரியாமல் உட்கார்ந்திருந்த ஆளா இவர் என்று இருந்தது.

சட்டியை அடுப்படிக்கு எடுத்துப் போய், மிச்சக் கிராத்தானைப் புதுத் தட்டுகளில் வைத்து, ஐந்து தட்டோடு வந்தார். இடது கை விரல்களில் இரண்டு, முன்கையில் ஒன்று, முழங்கை மடிப்பில் ஒன்று, வலது கையில் ஒன்று. ஐந்திலும் கிராத்தான் ஆவி பறந்தது. பாதி வழியில் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று குறுக்கே பாய்ந்தது. அப்பா "ஐயோ!" என்றார். மச்சான் ஒரு குதிகாலில் சுழன்று கோழிக்கு வழிவிட்டார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

முதல் தட்டை அம்மாவுக்கு வைத்தார். "உக்காருங்க, அத்தை." இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் அம்மாவை உட்கார வைத்து யாரும் பரிமாறியதில்லை. அம்மா உட்கார்ந்தார். கண் கலங்கிச் சிரித்தார்.

பெரியம்மா முன்னால் போய், சத்தமே இல்லாமல் தட்டை வைத்து, லேசாகக் குனிந்து, "போன் அப்பெத்தி, மதாம்!" என்று, நன்றாகச் சாப்பிடுங்கள் அம்மணி என்பதைப் பிரெஞ்சில் சொன்னார் மச்சான்.

பெரியம்மாவை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். ஜன்னலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பாதிகூடக் காலியாகாத தட்டை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"இத எடுத்துட்டுப் போயி, மறுபடியும் அடுப்படியிலருந்து கொண்டாங்க மாப்ளே!"