பிர்ரோஸ் தலையாட்டவில்லை

அந்த வருடம் எங்கள் ஊரில் களைப்பில்லாத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. அதீனா தேவிக்குக் கோயில் கட்ட ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஓடியிருந்தது. மலையில் வெள்ளைக்கல் வெட்டுகிறவர்களுக்குக் கை வலி. கல் செதுக்கும் எனக்கு முதுகு வலி. என் பக்கத்து வீட்டு வண்டிக்காரர் ஹெகியாஸுக்கு எங்கே வலிக்கவில்லை என்று கேட்டால்தான் பதில் சொல்லச் சுலபம்.

எங்கள் எல்லோரையும்விடக் களைத்துப்போனவன் பிர்ரோஸ். அவன் ஹெகியாஸின் செவலை மாடு. கோயிலில் நிற்கிற தூண்களில் பாதி அவன் இழுத்து வந்த கல்தான்.

ஹெகியாஸின் மகள் மெலீட்டாவுக்குப் பத்து வயது. சாயங்காலம் வண்டி வந்து, அப்பா நுகத்தை அவிழ்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்ததும், அவள் ஒரு குடம் தண்ணீரை பிர்ரோஸின் தலையில் மெதுவாக ஊற்றுவாள். கல் தூசி போகும், ஈ போகும், சூடு போகும். முதல் நாள் அவன் தலையைச் சிலுப்பி அவளையே குளிப்பாட்டிவிட்டான். அப்புறம் பழகிவிட்டது. தண்ணீர் விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நிற்பான். குடம் காலியானதும் காலை மடித்துப் படுத்துவிடுவான்.

"தண்ணி விழுந்தா வேலை முடிஞ்சுதுன்னு அவனுக்குத் தெரியும்" என்று மெலீட்டா பெருமையாகச் சொல்லுவாள்.

ஒருநாள் மலைச்சரிவில் கல்வண்டி இறங்கும்போது, பின்னால் இழுத்துப் பிடிக்கிற கயிறு அறுந்துவிட்டது. கல்லோடு வண்டி ஓட ஆரம்பித்தது. ஜோடியில் இளைய மாடான லெவ்கோஸ் மிரண்டு துள்ளினான்.

"அதீனா தாயே, காப்பாத்து! உனக்கு ஒரு மாடு தர்றேன்!" என்று ஹெகியாஸ் அலறினார்.

பிர்ரோஸ் நான்கு காலையும் தரையில் ஊன்றினான். குளம்பு பட்டுச் சரளைக்கல் தெறித்தது. கொஞ்ச தூரம் சறுக்கிப் போய் வண்டி நின்றுவிட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

தேவியின் திருவிழா நெருங்கியபோது மெலீட்டா கேட்டாள்.

"எந்த மாட்டைக் கொடுக்கப் போறீங்கப்பா?"

"நம்மகிட்ட இருக்கிறதே ரெண்டு. சின்னவனைக் கொடுத்துட்டா, களைச்சுப்போன இவனை மட்டும் வெச்சு வண்டி ஓடாது. பிர்ரோஸ்தான்."

"வண்டியை நிறுத்தினதே அவன்தானேப்பா!"

"மெதுவாப் பேசு. தேவி காதுல விழப்போகுது."

"விழட்டுமே! அவளும் மேலேருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தா?"

ஹெகியாஸ் வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எனக்கு மட்டும் ஆசையா கண்ணு? வாக்குக் கொடுத்துட்டேன். இப்போ மீறினா, அடுத்த தடவை கயிறு அறுந்தா நான் யாரைக் கூப்பிடுவேன்?"

மெலீட்டா குடத்தை எடுத்துக்கொண்டு பிர்ரோஸிடம் போனாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திருவிழா வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் போனது சாப்பிடத்தான். எங்கள் ஊரில் மாட்டுக்கறி திருவிழாவில் மட்டும்தான் கிடைக்கும். முந்தின இரவே நான் பாதிதான் சாப்பிட்டிருந்தேன்.

பிர்ரோஸின் கொம்பில் பூமாலை சுற்றியிருந்தார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெலீட்டா வந்தாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன. அவளைப் பார்த்ததும் என் பசி கொஞ்சம் குறைந்தது.

பூசாரியம்மா தெயானோ விடியற்காலையிலிருந்து நின்றபடியே இருந்தார். அவருடைய பாதங்களும் வீங்கியிருந்தன. எங்கள் வழக்கப்படி, அவர் மாட்டின் தலையில் தண்ணீர் தெளிப்பார். மாடு தலையாட்டினால் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். சம்மதம் இல்லாமல் யாரும் கத்தியைத் தொடக் கூடாது. தண்ணீர் பட்டால் எந்த மாடும் தலையைச் சிலுப்பும், அதனால் இதுவரை எந்தத் தொல்லையும் வந்ததில்லை.

தெயானோ தண்ணீர் தெளித்தார். பிர்ரோஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"இன்னொரு தடவை" என்றார் தெயானோ. தெளித்தார். அசைவே இல்லை.

மூன்றாம் தடவை சொம்பு முழுவதையும் கவிழ்த்தார். பிர்ரோஸ் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான். பிறகு முன்னங்காலை மடித்து, பின்னங்காலை மடித்து, பூமாலையோடு படுத்துவிட்டான்.

யாரோ சிரித்தார்கள். கறி வெட்டுகிற கிராட்டோனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"விலாவுல ஒரு குத்து குத்தினா தானா ஆட்டுவான்மா."

"முதல்ல உன்னைக் குத்திப் பார்க்கலாமா?" என்றார் தெயானோ. "அவன் மனசார ஆட்டணும்யா."

அப்போது கூட்டத்தில் ஒரு குரல் முணுமுணுத்தது. "ஹெகியாஸ் வீட்டு மேல தேவிக்கு ஏதோ கோபம். அதான் அவங்க மாட்டை வாங்க மாட்டேங்கறா."

அந்தப் பேச்சு சட்டென்று பரவியது. ஹெகியாஸுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். அவர் முகம் வெளுத்துவிட்டது.

மாடு ஏன் தலையாட்டவில்லை என்று மெலீட்டாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவள் வாயைத் திறக்காவிட்டால் பிர்ரோஸ் பிழைப்பான், ஆனால் அப்பாவைத் தேவிக்கு ஆகாதவர் என்று ஊரே ஒதுக்கிவைக்கும். நான் பேசியிருக்கலாம். பேசவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மெலீட்டா மாட்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். முன்னால் வந்தாள்.

"தேவிக்குக் கோபம் இல்லைங்கம்மா. நான்தான் காரணம். தினமும் சாயங்காலம் அவன் தலையில தண்ணி ஊத்துவேன். தண்ணி விழுந்தா வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுக்குவான். அவனுக்கு வேற ஒண்ணும் தெரியாது."

"அவ்வளவுதானே!" என்று துள்ளினார் கிராட்டோன். "அப்போ தண்ணி வேண்டாம். காதுல ஒரு புல்லை விட்டா ஆட்டிடுவான்!"

மெலீட்டா அழவில்லை. அப்பாவிடம் திரும்பினாள்.

"அப்பா, அன்னைக்கு மலையில என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க."

"உனக்கு ஒரு மாடு தர்றேன்னு சொன்னேன்."

"தர்றேன்னுதானே சொன்னீங்க? வெட்டறேன்னு சொல்லலையே! உயிரோட கொடுத்துடுங்கப்பா. அவன் கோயில் தோப்புலயே இருக்கட்டும். தேவியோட மாட்டை யாரும் வண்டியில கட்ட முடியாது இல்ல?"

எல்லோரும் தெயானோவைத் திரும்பிப் பார்த்தார்கள். கிராட்டோன் மட்டும் கேட்டார்.

"அப்போ சாப்பாடு?"

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கும் அதே கேள்விதான்.

"மாடு வாங்க முடியாதவங்க மாவுல மாடு செஞ்சு தேவிக்கு வைப்பாங்களே, அந்த மாதிரி நிறைய சுடலாம்" என்றாள் மெலீட்டா. "எங்க வீட்டுல தேன் இருக்கு."

தெயானோ பலிபீடத்தின் படியில், பிர்ரோஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் மாட்டேன்னுதான் சொல்லியிருக்கான். நமக்குத்தான் புரியலை. ஹெகியாஸ், உன் வாக்கு நிறைவேறிடுச்சு. இவன் இனிமே தேவியோட மாடு. எல்லாரும் போய் மாவு பிசைங்கப்பா, எனக்கும் பசிக்குது."

அன்று ஊரே மாவில் மாடு செய்தது. நான் செய்த மாடுகளைப் பார்த்துக் கிராட்டோன் பன்றி என்று கேலி செய்தார். தேன் ஊற்றி அவரே அவற்றில் ஏழு தின்றார்.

ஹெகியாஸ் முதலில் புதுக் கயிறு வாங்கினார். ஆனால் ஒற்றை மாட்டை வைத்துப் பெரிய கல் ஏற்ற முடியாது. சின்னக் கற்களாக ஏற்றி, ஒரு நடைக்கு இரண்டு நடை போக வேண்டியிருந்தது. மேட்டில் அவரே வண்டிக்குத் தோள் கொடுத்தார். முன்பைவிட அதிகமாகக் களைத்தார். மெலீட்டாவுக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அவள் குடத்தோடு தோப்புக்குப் போவாள். பிர்ரோஸுக்கு இப்போது வேலையே கிடையாது. ஆனாலும் தண்ணீருக்காகக் காத்திருப்பான்.

ஒருநாள் ஹெகியாஸ் லெவ்கோஸை அவிழ்த்துக் கட்டிவிட்டு, நேராகத் தோப்புக்கு வந்தார். உடம்பெல்லாம் கல் தூசி. பிர்ரோஸின் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார்.

"குடத்துல மிச்சம் இருக்கா?"

"இருக்குப்பா."

அவர் தலையைக் குனிந்தார். மெலீட்டா மெதுவாக ஊற்றினாள்.

ஹெகியாஸும் தலையாட்டவில்லை. கண்ணை மூடி அசையாமல் இருந்தார். குடம் காலியானதும் பிர்ரோஸின் வயிற்றில் தலையை வைத்துப் படுத்துவிட்டார்.