கிழக்கால மடை

சாயங்காலம் கொத்திப் போட்ட மண் காலையில் இறுகிக் கிடந்தது. தேவநாதன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். விரல் இறங்கவில்லை.

பிரம்மதேசம் பக்கத்திலிருந்து டிராக்டரில் வந்து இறங்கிய செம்மண் அது. நேற்று கைப்பிடியில் பொலபொலவென்று உதிர்ந்தது. தெரு நாய் புரண்டிருக்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். நாய் புரண்டால் குழி விழும், தளம் போட்ட மாதிரியா ஆகும்? உப்பளத்தைத் தவிர வேறெதற்கும் அந்த மனுஷர் மூளையைச் செலவழித்ததில்லை என்பது தெருவுக்கே தெரிந்த சங்கதி.

அந்த வீட்டுக்குப் பின்னால் தோட்டம் என்று ஒன்று வந்ததே அதிசயம்தான். மலர்கொடி இருந்தவரை, எனக்குன்னு ஒரு பாத்தி கட்டிக் குடுங்க, டிசம்பர் பூ வைக்கணும் என்று புருஷனிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். உப்புக்காற்றில் எது முளைக்கும் என்று அவர் சிரிப்பார். போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் வாங்கக் குப்பத்துக்குப் போனவளைக் கடல் எடுத்துக்கொண்டது. கையில் கொண்டுபோன கூடைகூடத் திரும்பவில்லை. இதோ, வருஷ திவசம் நெருங்கிவிட்டது. அவள் படத்தில் வைக்க, அவள் கேட்ட செடியிலிருந்து ஒரே ஒரு பூ வேண்டும். அவருக்கு மிச்சமிருந்த ஆசை அவ்வளவுதான்.

ஆனால் பாத்தி என்று கட்டியது என்னவோ உப்புப் பாத்தி. மரக்காணத்துக்காரர் கைக்கு அதுதான் வரும். சதுரமாக, மட்டமாக, சுற்றிலும் வரப்பு, தண்ணீர் விடக் கடல் பார்த்த பக்கம் ஒரு மடை. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி மதில்மேல் முகவாயை வைத்துக்கொண்டு கேட்டேவிட்டாள்.

"என்னாண்ணே, பூவுக்குக் கட்டுனீங்களா, உப்புக்குக் கட்டுனீங்களா? கிழக்கால மடை வேற வெச்சிருக்கீங்க."

"கைப்பழக்கம், பாப்பாத்தி."

"பாத்துண்ணே. நெசம்னு நம்பிக் கடலு வந்துறப் போவுது."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டு தலையை இழுத்துக்கொண்டாள்.

மறுபடி கொத்தி, வாங்கி வந்த செடிகளை நட்டார். விடிந்ததும் போய்ப் பார்த்தால் மண் பாறை. இந்த முறை பனி ஈரத்தில் தடம் தெரிந்தது. வெறுங்கால். சின்னக் கால். குதிகாலை ஒட்டிக் குதிகால், வரிசை வரிசையாக, ஓர் அங்குலம் விடாமல். திருடன் அப்படி நடக்கமாட்டான். மழைக்காலம் முடிந்து உப்பளத்தில் வேலை தொடங்கும்போது, பாத்தியின் தரை இறுகும்வரை பெண்கள் வழுக்காமலிருக்க ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு மிதிப்பார்களே, அந்த மிதி. மலர்கொடியை அவர் முதன்முதலில் பார்த்ததே அப்படியொரு வரிசையில்தான்.

இடது தடம் எதிலும் சுண்டுவிரல் பதியவில்லை. அவளுக்குப் பிறவியிலேயே அது மேலே தூக்கியிருக்கும். கோழிக்கால் என்று அவர் கேலி செய்த விரல்.

வரப்பில் உட்கார்ந்து அழுதார். பயம் அப்புறம்தான் வந்தது. ஒரு செடிகூடச் சாயவில்லை. தடங்கள் ஒவ்வொரு செடியையும் சுற்றிக்கொண்டு போயிருந்தன. நடுச்செடியில் ஒற்றை மொட்டு.

"செடிய மிதிச்சிடாத, மலரு," என்றார் மண்ணைப் பார்த்து. "உனக்குத்தான் வெச்சிருக்கேன்."

திவசத்துக்கு முந்தின நாள் காலையில் செடிகள் எல்லாம் வேரோடு வரப்பின்மேல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒரு தழைகூடக் கசங்கவில்லை. மொட்டு மட்டும் இல்லை. பாத்தி கண்ணாடி மாதிரி மின்னியது. அவருடைய அளத்திலேயே இப்படியொரு தளம் அமைந்ததில்லை. தளம் இறுகிவிட்டால் அடுத்த வேலை என்னவென்று உப்பில் நரைத்தவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? மடையைத் திறப்பார்கள். வாரி வாரி மண்ணைப் போட்டு மடையை அடைத்தார். மேலே ஒரு கல்லை வைத்தார்.

விளக்கு வைக்கும் நேரம். பாப்பாத்தி வீட்டு டிவியில் ஏதோ சீரியல் அழுகை, ரோட்டில் போகும் பஸ்ஸின் இரைச்சல், இரண்டுக்கும் அடியில் நிதானமாக, அவசரமே இல்லாமல், வாய்க்காலில் தண்ணீர் ஏறி வரும் சலசலப்பு. அங்கே வாய்க்கால் கிடையாது. கடல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சாதுவாகக் கிடந்தது. ஆனாலும் காற்றில் முற்றிய உப்புத்தண்ணீரின் நெடி, சேறு, நாள்பட்ட மீன்கூடை, இவற்றோடு லேசாகத் தேங்காயெண்ணெய். அவள் தலைக்குத் தேய்ப்பது.

மடை திறந்திருந்தது. கல், பத்திரமாக, வரப்பின்மேல்.

அடைக்க இறங்கினார். கணுக்கால்வரை தண்ணீர். வெதுவெதுப்பு.

பக்கத்தில் ஒரு தடம் விழுந்தது. தண்ணீருக்கடியில். அதை ஒட்டி இன்னொன்று.

சுண்டுவிரல் இல்லை.

தோளில் ஈரம். விரல்கள்.

"வழுக்கும். புடிச்சிக்குங்க."

அவர் கால் தானாக எழுந்தது. இறங்கியது. குதிகாலை ஒட்டிக் குதிகால். கிழக்கே. மடையை நோக்கி.

"அண்ணே, வெளக்கு வெக்கலியா?" மதிலுக்கு அந்தப் பக்கம் பாப்பாத்தி.

பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய் நிறைய உப்பு.

முழங்கால்வரை தண்ணீர். அவருடைய தோள் உயரத்தில், கொண்டை இருக்கவேண்டிய இடத்தில், அந்தரத்தில், அந்த ஒற்றை டிசம்பர் பூ. மலர்ந்திருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. மிதிக்கு மிதி அது ஏறி இறங்கியது. ஏறும்போதெல்லாம் சொட்டியது.