சாப்பிட வாங்க

களி உருண்டையில் குழி விழுந்திருந்தது.

கலைமணி அதை ஈரக்கையால் உருட்டித் தட்டில் வைத்துவிட்டு, கிணற்றடிக்குப் போய் ஒரு கொத்து கறிவேப்பிலை ஒடித்துக்கொண்டு திரும்பியிருந்தாள். அவ்வளவுதான். ராகிக் களியின் நடுவில் கட்டைவிரலை அழுத்தி, அந்தக் குழியில் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவது இந்தப் பக்கத்தில் நண்டுசிண்டுகளுக்குக் கூடத் தெரியும். ஆனால் தட்டு முன்னால் உட்கார்ந்த ஆள்தான் அந்தக் குழியைப் பண்ணும். அவள் இன்னும் உட்காரவே இல்லையே.

தன் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தாள். குழி தொளதொளவென்று பெரிதாக இருந்தது.

“போடி பைத்தியமே, நீயேதான் அழுத்தியிருப்பே. தலைக்கு எண்ணெய் வச்சமான்னு நெனப்பில்லாதவ நீ,” என்று தன்னைத் தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள். இங்கே வந்ததிலிருந்து இப்படித்தான், வாய் சும்மா கிடக்க மாட்டேன் என்கிறது. எழுத்தாளர் என்றால் அமைதியாக உட்கார்ந்து எழுதுவார்கள் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளோ நாற்காலியில் உட்காருவாள், எழுந்து ஜன்னலைத் திறப்பாள், சாத்துவாள், அடுப்படிக்குப் போய் டப்பா டப்பாவாகத் திறந்து பார்ப்பாள், மறுபடி வந்து உட்காருவாள். ஒரு பக்கம் நகர்ந்தபாடில்லை.

பொங்கல் லீவில் நிம்மதியாக நாவலை முடிக்கப்போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தாள். அது பாதிப் பொய். அவள் புருஷன் போன மாசியில் தவறிவிட்டார். வருஷம் திரும்பவில்லை. பொங்கலுக்குப் புகுந்த ஊரான இண்டூரில் இருந்தால் கொழுந்தன் வீட்டில் அவளைக் கூட்டிப்போய் மூலையில் உட்காரவைத்து, வருகிறவள் போகிறவள் எல்லாம் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். யப்பா, ஆளை விடுங்க சாமி என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பாலக்கோட்டைத் தாண்டி உள்ளே தள்ளி, தக்காளித் தோட்டத்துக்கு நடுவில் இருந்த இந்த ஓட்டுவீட்டைக் கொடுத்தது வஹிதா. பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி. அவள் புருஷன் நிசார் அகமது தக்காளி வியாபாரி. தோட்டத்தை வாங்கியபோது வீடும் கூடவே வந்தது. அவர்கள் குடியிருப்பது தர்மபுரி டவுனில், இங்கே ஒரு நாளும் தங்கியதில்லை.

ராத்திரி தூக்கம் வராததற்கு டாக்டரம்மா ஒரு வைத்தியம் சொல்லியிருந்தார். சாப்பிடும் முன்னால் அன்றைக்குக் கிடைத்ததற்கெல்லாம் வாய்விட்டு நன்றி சொல்ல வேண்டுமாம். கேட்டபோது கலைமணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வந்த அன்றைக்கு சாயங்காலம், யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், சொல்லித்தான் பார்ப்போமே என்று ஆரம்பித்தாள். விறகுக்கு நன்றி. கிணற்றுத் தண்ணிக்கு நன்றி. பறித்த சூடு ஆறாத தக்காளிக்கு நன்றி. தலைக்கு மேலே ஓட்டுக்கு நன்றி. சொல்லச் சொல்ல நெஞ்சு இளகி, கண்ணில் தண்ணி முட்டி, கடைசியில் கை தானாக இன்னொரு உருண்டையைப் பிடித்து இன்னொரு தட்டில் வைத்தது. வாய் தானாக வாசல் பக்கம் திரும்பியது.

“என்னங்க, சாப்பிட வாங்க.”

அவர் போன அன்றைக்கும் இதையேதான் சொல்லிக் கூப்பிட்டாள். களி கிண்டி இறக்கியாகிவிட்டது, ஆவி பறந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு வருவார் என்று வாசலில் நின்று என்னங்க, என்னங்க என்று கூப்பிட்டாள். அவர் வரவில்லை. மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்தபடியே போயிருந்தார். காலையிலிருந்து பச்சைத்தண்ணி பல்லில் படாத வயிற்றோடு போனார். எத்தனையோ துக்கம் ஆறிவிடும், இது மட்டும் ஆறவில்லை. ஒரே ஒரு தடவை அவர் முன்னால் உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டால் போதும். அதற்கப்புறம் அவள் தூங்கிவிடுவாள்.

அதனால்தான் குழியைப் பார்த்ததும் வந்த பயம் கொஞ்ச நேரத்தில் வேறொன்றாக மாறியது. அவள் தட்டைத் தூக்கிப்போடவில்லை. இன்னொரு தட்டால் மூடி வைத்தாள்.

மறுநாள் போகி. பனி விலகாத காலையில் தக்காளி பறிக்க வந்த சென்னம்மாள், வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துக் கட்டிய காப்புக் கொத்தோடு வாசலில் நின்றாள்.

“ஓட்டு எரவாணத்துல சொருகிவுடுங்க்கா. இன்னிக்கு எல்லா வூட்லயும் கட்டணும்.”

“எனக்கு வருசம் திரும்பல சென்னம்மா. நான் கட்டக்கூடாது.”

சென்னம்மாள் முகம் சுருங்கியது. “அய்யோ, எனக்குத் தெரியாதுங்க்கா. அப்ப நேத்து பொழுது சாய வாசப்படியில குந்திக்கிட்டு இருந்தவரு யாருங்க? நான் அண்ணன்னு நெனச்சுக்கிட்டேன்.”

கலைமணி வாசற்படியைத் திரும்பிப் பார்த்தாள். எப்படி இருந்தார், குள்ளமா, கண்ணாடி போட்டிருந்தாரா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால்?

“சொந்தக்காரருதான்,” என்றாள். சென்னம்மாள் காப்புக் கொத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் வஹிதா போன் பண்ணினாள்.

“என்னடி, ஒழுங்கா சாப்புடுறியா?”

“ம்ம். வஹிதா, இந்த வூட்ல முன்ன யாருடி இருந்தாங்க?”

“ஒரு புருசன் பொண்டாட்டி. புள்ளகுட்டி இல்ல. அவரு தவறுன மறுநாளே அந்தம்மா கெளம்பிருச்சாம். காரியத்துக்குக்கூட நிக்கலன்னு பேசிக்கிட்டாங்க. ஏன், பயமா இருக்கா? இவரை அனுப்பி உன்னைக் கூட்டியாரச் சொல்லட்டா?”

“ச்சீ, போடி. எனக்கென்ன பயம்,” என்றாள். நிஜமாகவே அவளுக்கு அப்போது பயமில்லை. எங்கே நிசார் வந்து தன்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்றுதான் பயம்.

பொழுது சாய்வதற்குள் வேலையை முடித்தாள். அவரைக்கொட்டைக் குழம்பு கொதித்து வாசம் வீடு முழுக்க நின்றது. நொய்யரிசி வெந்ததும் ராகி மாவைக் கொட்டி, தோள்பட்டை கழன்றுவிடும்போல் கிண்டினாள். நடுவீட்டில் விளக்கேற்றி, வாழை இலை போட்டு, சொம்பில் தண்ணி வைத்தாள். புகுந்த வீட்டில் செத்தவர்களுக்குப் படைப்பதைப் பார்த்திருக்கிறாள். மூத்த ஆம்பளை ஒருத்தர் இலை முன்னால் நின்று, இன்னார் மகன் இன்னாரே வந்து சாப்பிடு என்று பேர் சொல்லிக் கூப்பிடுவார். பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு காத்திருப்பார்கள். பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஏன் என்று அவள் கேட்டதில்லை.

இங்கே ஆம்பளைக்கு எங்கே போவது? அவளே நின்றாள். வாயைத் திறந்தாள். வரவில்லை. இத்தனை வருஷத்தில் புருஷன் பேரை அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பெண் விடுதலை பற்றி மேடையில் பேசிவிட்டு வந்து, பேங்கில் கணவர் பேர் என்ன என்று கேட்டால் கார்டை எடுத்து நீட்டுகிறவள்தான் அவள். அவர்கூட அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணுவார். சரி, தெரியாத ஆளா, குரல் தெரியாதா அவருக்கு?

“என்னங்க,” என்றாள். “சாப்பிட வாங்க.”

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். படியில் உட்கார்ந்தாள்.

தோட்டத்தின் மேல் பனி இறங்கியது. தூரத்தில் எங்கோ ஒரு டிராக்டர் பாட்டோடு போய், அந்தப் பாட்டும் தேய்ந்தது. தக்காளிச் செடியின் பச்சை வாடை, ஈரமண் வாடை, கதவிடுக்கில் கசிந்த குழம்பு வாசம் எல்லாம் கலந்து மூக்கில் ஏறின. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். உள்ளே பாய் விரிப்பதுபோல ஒரு சரசரப்பு. சொம்பு தரையில் உரசும் சத்தம். தண்ணி குடிக்கிற சத்தம், மடக் மடக்கென்று, பல நாள் தாகம் அடங்குவதுபோல.

வந்துட்டார்!

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். யாருக்கென்று இல்லாமல் கையெடுத்துக் கும்பிட்டாள். சாப்பிடுங்க, நல்லா சாப்பிடுங்க, மெதுவா, ஒரு அவசரமும் இல்ல. நன்றி, நன்றி, நன்றி.

அப்புறம் மெல்லும் சத்தம் கேட்டது.

அவள் அழுகை நின்றது. களியை யாரும் மெல்ல மாட்டார்கள். குழம்பில் தோய்த்து முழுங்குவார்கள். டவுனில் வளர்ந்த அவள், கல்யாணமான புதுசில் களியை மென்றதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர் அவர். அது பல்லுக்கில்ல புள்ள, தொண்டைக்கு என்பார். உள்ளே மென்றார்கள். மெதுவாக. ஈரமாக. ஒரே வாயை. அது முடியவே இல்லை. பல்லோடு பல் இடித்தது. எலும்பைக் கடிப்பதுபோல இடித்தது.

அவர் இல்லை.

அது அவர் இல்லை.

இந்த வீட்டிலும் ஒருத்தி தினம் வாசலைப் பார்த்து என்னங்க என்று கூப்பிட்டிருப்பாள். கூப்பிட்ட குரலுக்கு ஒருவன் வந்து உட்கார்ந்திருப்பான். பேர் சொல்லாத அந்தக் கூப்பாட்டுக்கு, செத்த பிறகும் அவன்தான் வந்திருக்கிறான்.

மெல்லுவது நின்றது.

“ஏ,” என்றது உள்ளேயிருந்து. கனத்த குரல். “இன்னும் வையி.”

ஓடு என்று மனசு கத்தியது. தோட்டத்தைத் தாண்டினால் ரோடு. ஓடு. கால் எழுந்தது. ரோட்டுப் பக்கம் போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்ட குரலுக்கு எழுந்து எழுந்தே பழகின கால். கை கதவைத் தள்ளியது.

அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. அகலமான முதுகு. இலையை முழுக்க மறைத்தது. வருஷக்கணக்கில் பூட்டிக்கிடந்த அறையின் நாற்றம். அவன் திரும்பவில்லை. காதுகளுக்குப் பின்னால் தாடை இரண்டு பக்கமும் புடைத்துப் புடைத்து அடங்கியது.

அவள் உருண்டையை வைத்தாள். கை நடுங்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உள்ளுக்குள் கதறிக்கொண்டிருந்தாள். கை நிதானமாகக் குழம்பை ஊற்றியது.

கூப்பிடு. பேர் சொல்லிக் கூப்பிடு. இப்பவாவது.

“ந...” நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. “நவநீதன்.” தன் குரலையே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. “நவநீதன்! நவநீதன்!”

மெல்லுவது நின்றது.

வெளியே தக்காளிச் செடிகள் விலகின. மெதுவான நடை. ஒரு காலை லேசாக இழுத்து வைக்கிற நடை. அவருடைய நடை. படியேறியது. கதவுக்கு வெளியே நின்றது.

“கலை?” அவரேதான். சாட்சாத் அவரேதான். “கலை, இங்கயா இருக்கே? எங்கெல்லாம் தேடறது புள்ள. பசிக்குது.”

சுவரைப் பார்த்திருந்த தலை அசையவில்லை.

“யாரது?” என்று கேட்டது.

என் புருஷன். என் புருஷன் வந்திருக்கார். வாயைத் திறந்தாள். நெஞ்செல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது.

“யாரோ,” என்றது அவள் வாய், அடக்கமாக. “தெரியலீங்க.”

“கதவைச் சாத்து.”

கால் போனது. கை சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்தது.

“கலை,” என்றார் வெளியே. “ஒரு வாய் போட்டுட்டுக் கதவைச் சாத்திக்கயேன். கலை?”

மெல்லும் சத்தம் மறுபடி தொடங்கியது. கதவின் அடியில், பனியில் மங்கிய வெளிச்சத்தில், இரண்டு பாதங்களின் நிழல் நகராமல் நின்றது. கலைமணி சட்டி முன்னால் குந்தி, தண்ணியில் கையை நனைத்து, அடுத்த உருண்டையைப் பிடித்தாள்.