மூவாயிரம் கிலோமீட்டரும் இரண்டு பேரீச்சம்பழமும்

இல்ஹாமுக்கு ஒன்பது வயது. முதன்முதலாக அவள் முழு நோன்பு பிடித்த சனிக்கிழமை அது. பசி வயிற்றைக் கிள்ளியது. கண் மட்டும் வாசல் கதவிலேயே இருந்தது.

அவளுடைய வாப்பா சேக் தாவூது, சிங்கப்பூர் ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். தன் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று நாகூர் போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. இன்றுதான் திரும்புகிறார். “உன் முதல் நோன்பை நாம சேர்ந்து திறப்போம், கண்ணு” என்று போனில் வாக்குக் கொடுத்திருந்தார்.

இல்ஹாம் சும்மா இருப்பாளா? கணக்கே போட்டுவிட்டாள். வாப்பா விமானம் ஏறும் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் மூவாயிரம் கிலோமீட்டர். விமானத்துக்கு நாலே கால் மணி நேரம். ஒன்றரைக்குக் கிளம்பினால் ஐந்தே முக்காலுக்கு இறங்கும். நோன்பு திறப்பது ஏழே காலுக்கு. வாப்பா குளித்துவிட்டே வந்து உட்காரலாம்!

தட்டில் இரண்டு பேரீச்சம்பழங்களை எடுத்து வைத்தாள்.

“ஆறரை ஆச்சு, உம்மா. வாப்பா இன்னும் போனே பண்ணலை.”

உம்மா சம்சுன்னிசா, பள்ளிவாசலில் வாங்கிய கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். “இப்பவே எப்படிம்மா வருவாங்க? ஒன்றரைங்கிறது இந்தியா டைம் லா. அப்ப இங்க மணி நாலு. இறங்கவே எட்டே கால் ஆயிடும். எதை நினைச்சு வாக்குக் கொடுத்தாங்களோ!”

இல்ஹாமுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டரை மணி நேரம்! பெரியவாப்பாவோடு போனில் பேசும்போதெல்லாம் “அங்க மணி என்ன?” என்று முதலில் கேட்பவளே அவள்தான். கணக்குப் போடும்போது மட்டும் அது எங்கே போய்த் தொலைந்தது?

எல்லாம் போயிற்று. இனி நூறு நோன்பு பிடித்தாலும் முதல் நோன்பு திரும்ப வருமா? திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்று அழுதாள்.

“வாப்பா வர்ற வரைக்கும் நான் திறக்க மாட்டேன்.”

“பாங்கு சொன்னதும் திறக்கணும்மா. தள்ளிப் போடக் கூடாது.”

ரேடியோவில் பாங்கு ஒலித்தது. இல்ஹாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே யோசித்தாள்.

“உம்மா, தண்ணி குடிச்சாலே திறந்த மாதிரிதானே?”

“ஆமா.”

பிஸ்மி சொல்லித் தண்ணீர் குடித்தாள். கஞ்சியும் குடித்தாள், ருசியே தெரியவில்லை. பேரீச்சம்பழத்தை மட்டும் தொடாமல் மூடி வைத்தாள். மூடி வைத்து என்ன பயன்? நேரம்தான் போய்விட்டதே.

வாப்பா வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால். அவளுடைய வீங்கிய கண்களைப் பார்த்ததும் பெட்டியோடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“மன்னிச்சுடு, கண்ணு. மூணு வாரத்துல நம்ம ஊரு டைமே எனக்கு மறந்துபோச்சு. உன்னை ஏமாத்திட்டேன்.”

அவர் குரல் உடைந்தது. பாவம், அவருக்கும் அழுகை வந்துவிடும்போல இருந்தது. அவருடைய கையைப் பிடித்த இல்ஹாம், கைக்கடிகாரத்தை உற்றுப் பார்த்தாள்.

“வாப்பா, உங்க கையில மணி என்ன?”

நாகூர் நேரத்தை அவர் இன்னும் மாற்றவே இல்லை.

“ஏழே கால்” என்றார்.

“அப்ப சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க!”

ஓடிப்போய்த் தட்டை எடுத்து வந்தாள். இருவரும் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரே நேரத்தில் பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்கள்.