ஹால்ஷ்கா வரையாத வாய்

போஸ்டர் முகத்தில், மூக்குக்குக் கீழே ஒரு கோடு இருந்தது. மயிரிழை அளவுதான். ஆனால் ஹால்ஷ்கா அதை வரையவில்லை.

ஓர் இத்தாலியக் காதல் படத்துக்கான போஸ்டர் அது. அவள் படத்தைப் பார்த்ததில்லை. கதைச்சுருக்கம் மட்டும் கைக்கு வந்தது. போலந்தின் வார்சாவில் எந்தப் போஸ்டர் ஓவியரும் நடிகையின் சிரிப்பை அப்படியே வரைந்து நீட்டுவதில்லை. அவள் வரைந்தது சாம்பல் நிறத்தில் ஒரு பெண் முகம், வாய் இருக்கவேண்டிய இடத்தில் மொழுக்கென்று வெறும் தோல். அதற்காகவே தேர்வுக் குழு அவளுடைய மாதிரி ஓவியத்தை ஏற்று, அவள் கணவன் லுதோமிருடையதைத் திருப்பி அனுப்பியிருந்தது.

கோட்டின் மேல் சாம்பல் வண்ணத்தைப் பூசினாள். மறுநாள் காலை அங்கே இரண்டு உதடுகள் இருந்தன.

மேல்மாடியில் இருவருக்கும் ஒரே பட்டறை. சாவி இருவரிடம் மட்டும்தான். அன்று முழுவதும் அவனையே கவனித்தாள். ஈரத் தூரிகையை அவன் துணியில் துடைக்கும் ஓசையும், அவளைக் கடக்கும்போது சட்டையிலிருந்து வீசிய வண்ண வாடையும், இதுவரை பொருட்படுத்தாத ஒவ்வொன்றும், அவன் எதையோ மறைப்பதாகச் சொல்லின. சாப்பிடும்போது அவன் நகக்கண்ணில் சிவப்பு தெரிந்தது.

"என்ன அது?"

"பீட்ரூட். சூப்புக்கு யாரு நறுக்குனதாம்?"

"நடிக்காத லுதோமிர். வாயை நீதான வரைஞ்ச?"

அவன் ஊறுகாய் வெள்ளரியைக் கடித்தான். "எனக்கு அவ்வளவு வயித்தெரிச்சல்னா மீசையும் சேர்த்தே வச்சிருப்பேனே, கண்ணு!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தூரிகைகளையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அப்படியும் மறுநாள் உதடுகள் விலகியிருந்தன. நடுவே ஈரமான கறுப்பு. அவள் கேட்பதற்குள் அவனே வெடித்தான்.

"இப்படிப் பார்க்காத! ஒண்ணு பண்ணு. என்னை உள்ள வச்சுப் பூட்டு. பெயிண்ட், சாவி எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ. திரும்பி வந்து பாரு. அப்பவாவது வாயை மூடுவியா?"

பெயிண்டையும் இரண்டு சாவிகளையும் எடுத்துக்கொண்டு பூட்டினாள். மதியம்தான் ஆகியிருந்தது; வெளியே பனி. கதவில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே அவன் ஏதோ பாட்டை முணுமுணுத்தான். சட்டென்று நிறுத்தினான்.

ஆரம்பித்துவிட்டான், திருடன், என்று நினைத்தாள். திரும்பி வந்து கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று படியிறங்கினாள்.

ரொட்டிக் கடை வரிசையில் நின்று அவள் திரும்புவதற்குள், குளிர்காலத்து வழக்கப்படி, மாலைக்கு முன்பே இருட்டிவிட்டது. படிக்கட்டெங்கும் யார் வீட்டிலோ வேகும் முட்டைக்கோசின் வாடை. டிராம் ஒன்று கடந்ததில் கைப்பிடிக் கம்பி அதிர்ந்து அடங்கியது. மேலே ஏற ஏற வேறொரு சத்தம். ஈரமான, நிதானமான சத்தம். நாய் கஞ்சி குடிப்பதுபோல.

பட்டறைக்குள்ளிருந்து வந்தது.

"லுதோமிர்? சாப்பிடறியா?"

சத்தம் நின்றது.

"விளையாடாத. போதும்."

சாவி துவாரத்தில் ஏறாமல் வழுக்கியது. திறந்தாள். விளக்கைப் போட்டாள்.

ஜன்னல் இடுக்குகளில் குளிருக்கு அடைத்த பஞ்சு அப்படியே இருந்தது. மேலே ஒட்டிய காகிதப் பட்டை கிழியவில்லை. நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அதனடியில் அவன் செருப்பு. ஒன்றுதான்.

அவன் இல்லை.

சுவரில் போஸ்டர்.

வாய் மூடியிருந்தது. உதட்டோரம் ஈரம். ஒரு கன்னம் காகிதத்திலிருந்து முஷ்டியளவு புடைத்து நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் புடைப்பு மெல்ல நகர்ந்தது. மறு கன்னத்துக்குப் போனது. திரும்பி வந்தது.

மென்றது.